வைன், வடிமது, லிக்யூர்: ஆய்வுக்கூடப் பரிசோதனை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் உணவு, பான மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். ஜார்ஜ்டவுன் கடைக்காரர்கள், உணவகம் நடத்துபவர்கள், ஆறாம் படிவ வேதியியல் மாணவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் உறவினர்கள் என்று யார் கேட்டாலும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, பதில்களையும் சேர்த்திருக்கிறேன். குடிப்பது நல்லதா கெட்டதா என்பது இந்தப் பக்கத்தின் பொருளன்று; போத்தலுக்குள் இருப்பதை எப்படி அறிகிறோம் என்பதே பொருள்.

"சார், லேபல்ல 12.5%னு போட்டிருக்கே, அது எடைக் கணக்கா, அளவுக் கணக்கா?"

அளவுக் கணக்கு. 20 டிகிரி செல்சியசில் 100 மி.லி. வைனில் 12.5 மி.லி. தூய எத்தனால், அதாவது மதுவுக்குப் போதை தரும் ஆல்கஹால், இருக்கிறது என்பது அதன் பொருள். 750 மி.லி. போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 94 மி.லி. எத்தனால் இருக்கும். எத்தனால் தண்ணீரைவிட இலேசானது என்பதால், இதே வைனை எடைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 10% என்றுதான் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "லேபல் பொய் சொல்கிறது" என்று வந்தவர்கள் உண்டு.

வெப்பநிலையைக் குறிப்பிட்டே ஆகவேண்டியதற்குக் காரணம், எத்தனாலும் தண்ணீரும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவடைகின்றன என்பதுதான். அவை கலக்கும்போது சுருங்கவும் செய்கின்றன: 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. தண்ணீரையும் சேர்த்தால் 100 மி.லி. கிடைக்காது, 96 அல்லது 97 மி.லி. அளவுதான் கிடைக்கும். மாணவர்கள் இதை ஒருமுறை தங்கள் கையால் அளந்து பார்ப்பது நல்லது.

"தாத்தா '70 புரூப்'னு சொல்லுவாரு. அது 70 சதவீதமா?"

அன்று. அது பழைய பிரிட்டிஷ் அளவு. அதில் 100 புரூப் என்பது 57.1%, ஆகவே 70 புரூப் என்பது 40%. அமெரிக்க அளவில் புரூப் என்பது சதவீதத்தின் இருமடங்கு, அங்கே அதே மது 80 புரூப் ஆகிவிடும்.

"ஹைட்ரோமீட்டர் ஆன்லைன்ல மலிவா கிடைக்குது. அதை வாங்கி நேரா போத்தல்ல விட்டுப் பார்த்தா போதாதா?"

தண்ணீரும் எத்தனாலும் மட்டுமே இருக்கும் கலவையில் போதும். வோட்கா போன்றவற்றில் ஓரளவுக்குச் சரியாக வரும். வைனிலும், சர்க்கரை சேர்த்த இனிப்பு மதுவாகிய லிக்யூரிலும் வராது. ஹைட்ரோமீட்டர் அளப்பது அடர்த்தியை மட்டுமே. எத்தனால் அடர்த்தியைக் குறைக்கிறது; சர்க்கரையும் அமிலங்களும் கூட்டுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்போது கருவி காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. லிட்டருக்கு 250 கிராம் சர்க்கரையும் 25% எத்தனாலும் உள்ள ஒரு லிக்யூர் தண்ணீரைவிட அடர்த்தியாகவே இருக்கும். ஆல்கஹால் அளக்கும் ஹைட்ரோமீட்டர் அதில் பூச்சியக் கோட்டுக்குக்கூட இறங்காமல் மிதந்துகொண்டு நிற்கும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கருவிகள் பெரும்பாலும் 20 டிகிரிக்காகச் செய்யப்பட்டவை. பட்டர்வொர்த்தில் ஒரு கடையின் பின்னறையில் 30 டிகிரிக்குக் குறைவாக இருக்கும் நாளே அரிது. உண்மையில் 40% உள்ள வடிமதுவை அந்த வெப்பத்தில் அளந்தால் ஏறக்குறைய 44% என்று காட்டும். திருத்த அட்டவணையைப் பார்க்காமல் அந்த எண்ணை எழுதிவைப்பது பெருந்தவறு.

"அப்போ லேப்ல நீங்க என்னதான் செய்றீங்க?"

முதலில் மாதிரியைக் காய்ச்சி வடிக்கிறோம். வைன் என்றால், அதிலுள்ள கரியமில வாயு போகும்வரை குலுக்கிவிட்டு, 20 டிகிரியில் துல்லியமாக 200 மி.லி. அளந்து குடுவையில் ஊற்றுகிறோம். சிறிது சுண்ணாம்புக் கரைசல் சேர்க்கிறோம். அது அசெட்டிக் அமிலத்தையும் கந்தக டை ஆக்சைடையும் பிடித்து வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அவையும் ஆவியோடு சேர்ந்து வந்து அடர்த்தியைக் கெடுக்கும். நுரை பொங்காமல் இருக்க ஒரு துளி நுரையடக்கி. கொதிக்கத் தொடங்கியதும் குளிர்விப்பானின் உட்சுவரில் எண்ணெய் வழிவதுபோல் கோடுகோடாக ஆவி இறங்கும்; அது எத்தனால் மிகுந்த பகுதி. போகப்போக அந்தக் கோடுகள் மறைந்து, சாதாரணத் தண்ணீர்த் துளிகளாக மாறும். மொத்த அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு வடிந்ததும் நிறுத்துகிறோம். எத்தனால் முழுவதும் அதற்குள் வந்துவிடும். சர்க்கரை, நிறம், உப்பு எல்லாம் குடுவையிலேயே தங்கிவிடும்.

வடிந்ததை மறுபடியும் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, தண்ணீர் சேர்த்து அதே 200 மி.லி. ஆக்குகிறோம். இப்போது கையில் இருப்பது எத்தனாலும் தண்ணீரும் மட்டுமே. இதன் அடர்த்தியை அளந்து அட்டவணையில் பார்த்தால் உண்மையான சதவீதம் கிடைக்கும். எடுத்தபோதும் முடித்தபோதும் வெப்பநிலை ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்தான் பயிற்சி பெறுபவர்கள் அதிகம் தவறுகிறார்கள். குளிர்பதன அறைக்கு வெளியே குடுவையை ஐந்து நிமிடம் மறந்து வைத்தாலும் எண் நகர்ந்துவிடும்.

"எலக்ட்ரானிக் மெஷின் வந்தப்புறமும் ஏன் இன்னும் அடுப்புல வச்சு வடிக்கிறீங்க?"

எலக்ட்ரானிக் அடர்த்திமானி வடித்தலின் இடத்தைப் பிடிக்கவில்லை. கண்ணாடி ஹைட்ரோமீட்டரின் இடத்தையும் அடர்த்திக் குப்பியின் இடத்தையும் பிடித்திருக்கிறது. அதனுள் வளைந்த சிறு கண்ணாடிக் குழாய் ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கும். உள்ளே இருக்கும் நீர்மத்தின் அடர்த்திக்கு ஏற்ப அதிர்வு மாறும். வடித்த நீர்மம் சில மி.லி. போதும், ஒரு நிமிடத்தில் நான்காம் தசமத்துக்கும் மேல் அடர்த்தி தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் லிக்யூரை நேராகச் செலுத்தினால், ஹைட்ரோமீட்டர் சொன்ன அதே பொருளற்ற எண்ணை இன்னும் பல தசமங்களோடு சொல்லும், அவ்வளவுதான்.

வடிக்காமலே எத்தனாலை அளக்கும் அகச்சிவப்புக் கருவிகளும் இருக்கின்றன. ஒரு மாதிரியில் எத்தனால், சர்க்கரை, அமிலம் எல்லாவற்றையும் ஓரிரு நிமிடத்தில் தரும். பெரிய வைன் ஆலைகளுக்கு அவை இன்றியமையாதவை. ஆனால் அவை நூற்றுக்கணக்கான வைன்களை முன்னரே வேறு வழியில் அளந்து, அந்த எண்களிலிருந்து கற்றுக்கொண்ட கருவிகள். திராட்சை வைனுக்குப் பழக்கிய கருவியில் தென்னங்கள்ளை ஊற்றினால், அது தயங்காமல் ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணை நம்ப எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

"மெத்தனால் எங்கிருந்து வருது? யாராவது ஊத்துறாங்களா, இல்ல தானா வருதா?"

மெத்தனால் எத்தனாலைப் போன்ற, ஆனால் நச்சான இன்னோர் ஆல்கஹால். இரண்டு வழியும் உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். பழங்களில் உள்ள பெக்டின் என்ற பொருளை ஒரு நொதி உடைக்கும்போது சிறிதளவு மெத்தனால் பிறக்கிறது. தோலோடு நொதிக்கும் சிவப்பு வைனில் இது வெள்ளை வைனைவிடக் கூடுதல். அதனால்தான் உலக வைன் அமைப்பான ஓ.ஐ.வி. சிவப்புக்கு லிட்டருக்கு 400 மி.கி., வெள்ளைக்கும் இளஞ்சிவப்பான ரோசேவுக்கும் 250 மி.கி. என்று வெவ்வேறு வரம்புகள் வைத்திருக்கிறது. வைனிலிருந்து வடித்த மதுவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு, 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 200 கிராம். 40% மதுவில் இது லிட்டருக்கு 0.8 கிராம். சுமார் 10 மி.லி. மெத்தனால், அதாவது 8 கிராம், பார்வையைப் பறிக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டால், வரம்பைத் தொட்ட மதுவிலேயே அவ்வளவு மெத்தனால் சேர 10 லிட்டர் வேண்டும்.

ஆகவே மக்களைக் கொல்வது நொதித்தலில் தானாக வந்த மெத்தனால் அன்று. பெயிண்ட், கரைப்பான் தொழிலுக்கான மெத்தனாலை மலிவென்று மதுவில் சேர்ப்பதுதான் கொல்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். 1986இல் இத்தாலியிலும் வைனில் மெத்தனால் கலந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். தோட்டப்புறங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், இந்த ஒரு பரிசோதனையை நான் மற்றவற்றைப் போல வெறும் எண்ணாகப் பார்ப்பதில்லை.

"கரண்டியில ஊத்திக் கொளுத்தினா, நீலமா எரிஞ்சா நல்ல சரக்குனு வீட்டுக்காரர் சொல்றாரு. உண்மையா?"

உண்மையன்று. எத்தனாலும் நீலமாகத்தான் எரியும், மெத்தனாலும் வெளிர் நீலமாகத்தான் எரியும், இரண்டின் கலவையும் அப்படியே. மோந்து பார்ப்பதும் பயன்படாது; மெத்தனாலின் மணம் எத்தனாலின் மணத்துக்கு அவ்வளவு நெருக்கமானது. ஹைட்ரோமீட்டரும் கைவிடும். 20 டிகிரியில் எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.792. பாதியை மாற்றி ஊற்றினாலும் கருவி கிட்டத்தட்ட அதே சதவீதத்தைத்தான் காட்டும். வீட்டில் செய்யத்தக்க நம்பகமான மெத்தனால் பரிசோதனை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. யாரும் அப்படி ஒன்றைச் சொல்லித்தந்தால் அதை நம்பிக் குடிக்கவேண்டாம்.

நூறாண்டுக்கு முந்தைய வேதியியலாளர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். எத்தனால் தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒளியை வளைக்கும் அளவை, உயர்த்துகிறது. எத்தனாலின் எண் 1.361, தண்ணீரின் எண் 1.333. மெத்தனாலின் எண் 1.329, அதாவது தண்ணீரை ஒட்டியது. எனவே வடித்தெடுத்த நீர்மத்தின் அடர்த்தி ஒரு சதவீதத்தையும் ஒளிவிலகல் அதைவிடக் குறைந்த சதவீதத்தையும் காட்டினால், மெத்தனால் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பெருமளவு கலப்படத்தை இது பிடிக்கும், சிறிதளவை விட்டுவிடும். இன்று இதன்படி யாரும் சான்றிதழ் தருவதில்லை.

"முதல்ல வடியிறதை ஊத்திட்டா மெத்தனால் போயிடும் லா, அப்படித்தானே?"

பரவலான நம்பிக்கை, ஆனால் ஆபத்தானது. மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிப்பதால் மெத்தனால் முதலில் வந்து முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தனித்தனிக் குடுவையில் இருந்தால் அப்படி. தண்ணீரோடு கலந்திருக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. சாதாரண அண்டாவில் வடிக்கும்போது மெத்தனால் தொடக்கம் முதல் கடைசிவரை எல்லாப் பகுதியிலும் வருகிறது. முதலில் வருவதில் மிகுந்திருப்பவை அசெட்டால்டிஹைடும் எத்தில் அசெட்டேட்டும். அவற்றின் காரமான மணத்தைத்தான் பலர் மெத்தனால் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கலப்பட மதுவை இன்னொருமுறை வடித்து "சுத்தம்" செய்ய முடியாது. உரிமமின்றி மது வடிப்பது நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

"அப்படின்னா மெத்தனாலை நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

வாயு குரோமட்டோகிராபியால், ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஜி.சி. என்போம், தமிழ்ப் பாடநூல்கள் வாயு வண்ணப்பிரிகை என்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் மாதிரியைக் கருவியின் சூடான நுழைவாய்க்குள் செலுத்துகிறோம். அது ஆவியாகி, பல மீட்டர் நீளமுள்ள, தலைமுடிபோன்ற மெல்லிய குழாய்க்குள் வாயு ஓட்டத்தோடு போகிறது. குழாயின் உட்பூச்சு ஒவ்வொரு பொருளையும் வெவ்வேறு நேரம் தடுத்து நிறுத்துகிறது. மறுமுனையில் ஹைட்ரஜன் சுடர் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். கரிமப் பொருள் ஒன்று வந்து சேரும்போதெல்லாம் சிறு மின்னோட்டம் எழும், திரையில் ஒரு முகடு உயரும்.

நாங்கள் பயன்படுத்தும் வகைக் குழாயில் முதலில் அசெட்டால்டிஹைடு, பிறகு எத்தில் அசெட்டேட், அதன் பின் மெத்தனால். அடுத்து வரும் எத்தனால் முகடு திரையின் உச்சியை முட்டிக்கொண்டு மலைபோல் எழும்பும். மெத்தனாலின் மெல்லிய ஊசி அந்த மலைக்குச் சற்றுமுன் தனியாக நிற்பது எங்கள் நல்லூழ். பின்னால் வந்திருந்தால் மலையின் சரிவில் புதைந்திருக்கும். கலப்பட மாதிரி ஒன்றில் அந்த ஊசி எத்தனாலுக்குச் சமமாக எழுந்ததைப் பார்த்த நாள் எனக்கு மறக்கவில்லை.

முகட்டை எண்ணாக மாற்ற, ஒவ்வொரு மாதிரியிலும் மதுவில் இயல்பாக இல்லாத ஒரு பொருளை, எடுத்துக்காட்டாக 3-பெண்டனாலை, அறிந்த அளவில் சேர்த்து, அதன் முகட்டோடு ஒப்பிடுகிறோம். சுடர் மெத்தனாலுக்கு எத்தனாலைவிடக் குறைவாகவே பதிலளிக்கும் என்பதால் மெத்தனாலுக்குத் தனித் திருத்தெண் வேண்டும். ஜி.சி. இல்லாத காலத்தில் மெத்தனாலைப் பெர்மாங்கனேட்டால் ஃபார்மால்டிஹைடாக மாற்றி, குரோமோட்ரோப்பிக் அமிலத்தோடு சேர்த்து ஊதா நிறம் வருகிறதா என்று பார்த்தார்கள். அது இன்றும் செல்லுபடியாகும் முறைதான்.

"ஒருத்தர் குடிச்சிட்டு கண்ணு மங்கலா இருக்குனு சொல்றாரு. போத்தலை முதல்ல டெஸ்டுக்கு அனுப்பணுமா?"

வேண்டாம். ஆளை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், 999ஐ அழையுங்கள். போத்தலை மூடி, கையோடு எடுத்துச் செல்லுங்கள். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகே நஞ்சாகிறது. அதற்குப் பல மணி நேரம், சிலவேளை ஒரு நாள்கூட ஆகும். கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். "நேற்று இரவு நன்றாகத்தானே இருந்தார்" என்பது பாதுகாப்புக்கு அடையாளமே அன்று. நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், தேசிய நச்சு மையம் இருக்கிறது. மருத்துவர்கள் அங்கே ஆலோசனை கேட்பார்கள். எங்கள் அறிக்கை வரும்வரை சிகிச்சை காத்திருக்கக்கூடாது.

"வைன் குடிச்சா தலைவலி வருது. சல்பைட்தான் காரணம்னு சொல்றாங்க, அதை அளக்க முடியுமா?"

அளக்க முடியும். தலைவலிக்கு அதுதான் காரணமா என்பதை அந்த எண் சொல்லாது. சல்பைட் என்று லேபலில் இருப்பது கந்தக டை ஆக்சைடு. வைன் கெடாமலும் பழுப்பாகாமலும் காக்கச் சேர்ப்பது. பொதுவாகச் சிவப்பு வைனில் வெள்ளையைவிடக் குறைவாகவே இருக்கும்: ஐரோப்பிய வரம்பு சர்க்கரை குறைந்த சிவப்புக்கு லிட்டருக்கு 150 மி.கி., வெள்ளைக்கு 200 மி.கி. சிவப்புக்கு மட்டும் தலை வலிக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்பைட் உண்மையாகவே ஒத்துக்கொள்ளாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்பதே சரி.

எளிய முறை அயோடின் தரம்பார்த்தல். வைனில் கந்தக அமிலமும் ஸ்டார்ச்சும் சேர்த்து, பியூரெட்டிலிருந்து அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். கந்தக டை ஆக்சைடு இருக்கும்வரை அயோடின் நிறமிழக்கும். தீர்ந்ததும் ஸ்டார்ச் நீலமாகும். வெள்ளை வைனில் இது தெளிவாகத் தெரியும். சிவப்பு வைனில் நீலம் எங்கே வந்தது என்று தேடவேண்டும். குடுவைக்குப் பின்னால் மஞ்சள் விளக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குனிந்து பார்ப்போம், இருவர் பார்த்தால் இருவருக்கும் வேறு எண். போதாததற்கு வைனின் நிறப்பொருள்களே கொஞ்சம் அயோடினைக் குடித்துவிடும். அதனால் சிவப்புக்கு வேறு முறையை நம்புகிறோம்: அமிலம் சேர்த்து, காற்றை ஊடாகச் செலுத்தி, வாயுவை ஹைட்ரஜன் பெராக்சைடில் பிடித்து, உண்டாகும் கந்தக அமிலத்தைக் காரத்தால் அளப்பது. குளிர்ந்த நிலையில் செய்தால் கட்டுறாத சல்பைட், அதாவது வைனின் மற்றப் பொருள்களோடு பிணையாமல் தனித்திருப்பது, மட்டும் வரும், சூடாக்கினால் மொத்தமும் வரும். அறிக்கையில் இரண்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"கள்ளு காலையில இனிக்குது, சாயங்காலம் புளிக்குது. அதை எப்படி அளப்பீங்க?"

புளிப்பை இரண்டாகப் பிரிக்கிறோம். மொத்த அமிலம் என்பது காரத்தால் தரம்பார்த்துக் கிடைப்பது. ஆவியாகும் அமிலம் என்பது பெரும்பாலும் அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரின் அமிலம். நீராவியைச் செலுத்தி அதைத் தனியே வடித்தெடுத்து அளக்கிறோம். வைனில் இது லிட்டருக்கு ஒரு கிராமைத் தாண்டினால் மூக்குக்கே தெரிய ஆரம்பிக்கும். ஐரோப்பிய வரம்பு வெள்ளைக்கு 1.08 கிராம், சிவப்புக்கு 1.2 கிராம். கள்ளில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்தே வேலை செய்வதால், எத்தனால் உயர்ந்து முடிப்பதற்குள் அசெட்டிக் அமிலம் ஏறத் தொடங்கிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது இந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்தத்தான். ஆகவே கள்ளின் அறிக்கையில் இறக்கிய நேரமும் பரிசோதித்த நேரமும் இல்லாவிட்டால் எண்களை ஒப்பிடவே முடியாது.

"லிக்யூர்ல எவ்வளவு சர்க்கரைனு எப்படித் தெரியும்? இனிப்பு மானி வச்சுப் பார்க்கலாமா?"

ஒளிவிலகலை வைத்து இனிப்பைக் காட்டும் கைக்கருவி, பழச்சாற்றுக்காகச் செய்யப்பட்டது. எத்தனாலும் ஒளிவிலகலை உயர்த்தும் என்று மேலே மெத்தனால் பற்றிய பதிலில் சொன்னேன். ஆகவே லிக்யூரில் அந்தக் கருவி இல்லாத சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும்.

பழைய நம்பகமான முறை, செம்புக் கரைசலோடு கொதிக்கவைப்பது. குளுக்கோசும் ஃபிரக்டோசும் செம்பை ஒடுக்கிச் செங்கல் நிறப் படிவாக்கும். சாதாரணச் சீனியாகிய சுக்ரோஸ் அப்படிச் செய்யாது. அமிலத்தால் அதை முதலில் குளுக்கோசும் ஃபிரக்டோசுமாக உடைக்கவேண்டும். இதை மறந்தால், சீனிப் பாகு நிரம்பிய லிக்யூரிலும் "சர்க்கரை குறைவு" என்று அறிக்கை வரும். புளிப்பான பழ லிக்யூரில் சுக்ரோஸ் போத்தலுக்குள்ளேயே மெல்ல உடைந்துகொண்டும் இருக்கும். அதனால்தான் ஐரோப்பிய விதியில் லிக்யூருக்கு லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம், 'கிரெம் டி' என்ற பெயர் தாங்குவதற்கு 250 கிராம், பிளாக்கரண்ட் பழத்தில் செய்யும் 'கிரெம் டி காசி'சுக்கு 400 கிராம் என்ற வரம்புகள் எல்லாம் உடைக்கப்பட்ட சர்க்கரையின் கணக்கில் சொல்லப்படுகின்றன. இப்போது பெரும்பாலும் நீர்ம குரோமட்டோகிராபியால் மூன்று சர்க்கரைகளையும் தனித்தனியே அளந்துவிடுகிறோம்.

"பிரிக்ஃபீல்ட்ஸ் நாட்டு மருந்துக் கடையில திராட்சாரிஷ்டம் வாங்கினேன். அதுல ஆல்கஹால் இருக்குமா?"

இருக்கும். அரிஷ்டமும் ஆசவமும் நொதிக்கவைத்துச் செய்யப்படும் மருந்துகள். அந்த நொதித்தலிலேயே எத்தனால் உண்டாகிறது. அதில் வெல்லமும் மூலிகைச் சாறும் செறிந்திருப்பதால் ஹைட்ரோமீட்டரை விடவே கூடாது. வைனுக்குச் சொன்னபடி வடித்துத்தான் அளக்கவேண்டும். நுரை அளவுக்கு மீறிப் பொங்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். குழந்தைகளுக்கோ மதுவை விட்டவர்களுக்கோ கொடுப்பதற்கு முன் லேபலைப் பார்ப்பது நல்லது.

"திராட்சை பிராந்தினு விக்கிறாங்க, கரும்புச் சாராயத்தைக் கலந்தா கண்டுபிடிக்க முடியுமா? எத்தனால் எல்லாம் ஒண்ணுதானே?"

எத்தனால் ஒன்றுதான், ஆனால் அதிலுள்ள கார்பன் பிறந்த இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் வழி வேறு. திராட்சை, நெல், பார்லி, தென்னை எடுக்கும் வழி வேறு. அதனால் சற்றுக் கனமான கார்பன்-13 அணுவின் விகிதம் மாறுகிறது. ஒரு பொதுத் தரப் பொருளோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்குக் கணக்கில் சொன்னால், கரும்பு வகை ஏறத்தாழ −10 முதல் −14 வரையும், திராட்சை வகை −24 முதல் −30 வரையும் இருக்கும். தென்னஞ்சாராயம் என்று விற்பதில் கரும்புப்பாகுச் சாராயம் சேர்ந்திருந்தாலும் எண் நடுவில் நகர்ந்துவிடும்.

இதற்கு எல்லைகள் உண்டு. ஐரோப்பாவில் சீனி எடுக்கும் பீட் கிழங்கும் திராட்சையின் வகையையே சேர்ந்தது, எனவே கார்பன் அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பிரான்சில் நாந்த் நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய அணுக்கரு காந்த ஒத்திசைவு முறையால், எத்தனாலில் கனமான ஹைட்ரஜனாகிய டியூட்டீரியம் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அன்னாசி மூன்றாவது வழியைப் பின்பற்றும் செடி, அதன் எண் கரும்பை ஒட்டி வரும். அன்னாசி வைனில் கரும்புச்சீனி சேர்த்ததைக் கார்பன்-13 மட்டும் வைத்து நிறுவ நான் முன்வரமாட்டேன். பெட்ரோலியத்திலிருந்து செய்த எத்தனாலைப் பிடிப்பது இவற்றைவிட எளிது: அதில் கார்பன்-14 அறவே இருக்காது.

"மாதிரியை எதுல கொண்டு வரணும்? மினரல் வாட்டர் போத்தல் போதுமா?"

திறக்காத போத்தலாக இருந்தால் அப்படியே. திறந்ததென்றால், சுத்தமான கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, வெயில் படாமல், அரை லிட்டர் அளவு கொண்டு வாருங்கள். பாதி நிரம்பிய போத்தலில் எத்தனால் காற்றிடத்துக்கு ஆவியாகும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் போய்விடும். கள் மட்டும் விதிவிலக்கு. சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர் கள்ளைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். மேசையில் வைத்து மூடியை அரைச்சுற்றுத் திருப்பியதும் அது கூரையில் போய் மோதியது, பாதிக் கள் தரையில் போயிற்று. கள்ளை ஐஸ் பெட்டியில், இடம் விட்டு நிரப்பிக் கொண்டுவரவேண்டும்.

"ரெண்டு லேப் ரெண்டு நம்பர் தர்றாங்க. யாரை நம்புறது?"

முதலில் இருவரும் ஒரே முறையைப் பின்பற்றினார்களா என்று பாருங்கள். ஒருவர் வடித்து அளந்து 24.8% என்றும், மற்றவர் அகச்சிவப்புக் கருவியில் 23.9% என்றும் சொன்னால், அவர்கள் முரண்படவில்லை. வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரே முறையென்றால், வேறுபாடு அந்த முறையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஐரோப்பிய விதிகளே லேபலில் வடிமதுவுக்கு 0.3, வைனுக்கு 0.5, பழம் ஊறவைத்த மதுவுக்கு 1.5 சதவீதப் புள்ளி விலக்கம் அனுமதிக்கின்றன. பழம் எத்தனாலை உறிஞ்சிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருப்பதால், கடைசி வகையில் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தீர்கள் என்பதே எண்ணை மாற்றும். விலக்கம் வழக்குக்குப் போகும் அளவுக்கு இருந்தால், அதைத் தீர்க்கும் இடம் தனியார் ஆய்வுக்கூடம் அன்று. சுகாதார அமைச்சின் அதிகாரிகளிடம் முறைப்படி புகார் செய்யவேண்டும்.

"ரிப்போர்ட்ல மெத்தனால் 'கண்டறியப்படவில்லை'னு இருக்கு. அப்போ சுத்தமா இல்லைனு எடுத்துக்கலாமா?"

அந்த முறையால் காணக்கூடிய மிகக் குறைந்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். ஜி.சி.யில் அந்த அளவு லிட்டருக்குச் சில மி.கி. என்றால் கவலைக்கே இடமில்லை. அதே சொல்லை ஒளிவிலகலை மட்டும் பார்த்த ஒருவர் எழுதியிருந்தால், பார்வையைப் பறிக்கும் அளவு மெத்தனால் அந்தப் போத்தலில் இருந்தும் அவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஆகவே 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் முறையின் பெயரும் கண்டறியும் எல்லையும் எழுதப்பட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டியவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. எங்கள் முகப்பில் கேட்டால், அன்றைய ஜி.சி. வரைபடத்தின் நகலையும் எடுத்து, மெத்தனால் வரவேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டுவோம்.